ஒரு சிறுவனும் ஒரு நாயும் ஒக்ரோபர் முப்பதும்

‘எல்லைக் கிராமம்’ என்ற சொல் எண்பதுகளில்தான் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் நிலைபெற்றது. அதற்கு முன்பு கிராமங்களுக்கு எல்லை இருந்தது. எல்லைக்கென்று கிராமங்கள் இருக்கவில்லை. பதவியா, கெப்பித்திக்கொல்லாவ, மணலாறு, வவுனியாவின் தெற்குப்புறம் ஆகிய இடங்களிலிருந்து வரும் செய்திகளுக்குத் தலைப்பிடும்போது இந்தச் சொல் வசதியாக இருந்தது. ஒரு பக்கம் சிங்களக் குடியேற்றம், மறுபக்கம் தமிழ்க் கிராமம், நடுவில் காடு. இரவில் யார் வருவார்கள் என்று தெரியாது. யாழ்ப்பாணத்தில் இருந்த எமக்கு அது தூரத்துச் சொல். 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த பின்னர் நாகர்கோவில், முகமாலை, கிளாலி என்று போர்முனை குடாநாட்டின் கழுத்தில் வந்து நின்றபோதுதான் அச்சொல் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது.

அதே 2000ஆம் ஆண்டு தென்னிலங்கையில் ‘சரோஜா’ என்றொரு சிங்களப் படம் வெளிவந்தது. இயக்கியவர் சோமரத்ன திசாநாயக்க. எல்லைக் கிராமம் ஒன்றில், காயம்பட்ட போராளியான தன் தகப்பனோடு காட்டில் ஒளிந்திருக்கும் தமிழ்ச் சிறுமி சரோஜாவை, ஊர் வாத்தியாரின் மகள் வருணி கண்டு வீட்டுக்கு அழைத்து வருகிறாள். ஒருத்திக்கு மற்றவளின் மொழி விளங்காது. ஆனால் விளையாட மொழி தேவைப்படவில்லை. ஊர் எதிர்க்கிறது, வாத்தியார் குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தென்னிலங்கைத் திரையரங்குகளில் ஒரு தமிழ்ச் சிறுமியைப் பார்த்து மக்களைக் கண்ணீர் விடச் செய்தது சிறிய காரியமன்று. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆயினும் அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. பெரியவர்கள் செய்த பிழைகளைக் கழுவும் தண்ணீராகப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது சினிமாவின் பழைய பழக்கம். பிள்ளைகள் நல்லவர்கள், பெரியவர்கள் கெட்டுப்போனவர்கள், பிள்ளைகளிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பாடம் பார்ப்பவனுக்கு இதமாக இருக்கும். அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எந்த ஊரில், எந்தத் திகதியில், யார் உத்தரவிட்டு, யார் வீட்டை விட்டுப் போனார்கள் என்ற கேள்வி எழாது. பத்திரிகைத் தொழிலில் ஊறிப்போனவனுக்கு அந்தக் கேள்வி இல்லாமல் கதை கேட்பது கடினம்.

அந்தக் கேள்வியை எழுப்பிய படம் மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்தது. பிரசன்ன விதானகேயின் ‘இர மதியம’ (2003). சூரியன் உச்சியில் நிற்கும் பொழுது என்று பொருள். வெளிநாடுகளில் ‘ஓகஸ்ட் சன்’ என்ற பெயரில் காட்டப்பட்டது. விதானகே ஏற்கெனவே ‘புரஹந்த களுவர’ மூலம் அரசாங்கத்தின் கோபத்தைச் சம்பாதித்திருந்தவர். போரில் இறந்ததாகச் சொல்லி முத்திரையிட்ட சவப்பெட்டியில் மகனை அனுப்பிவைத்ததை நம்ப மறுக்கும், வரண்ட வலயத்துக் கண்பார்வையற்ற கிழவனின் கதை அது. 1997இல் எடுக்கப்பட்டு, 2000இல் தடைசெய்யப்பட்டு, 2001இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே இலங்கையில் திரையேறியது.

‘இர மதியம’வில் மூன்று கதைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. காணாமற்போன விமானப்படை விமானியான தன் கணவனைத் தேடி ஒரு பத்திரிகையாளனின் துணையோடு வடக்கு நோக்கிப் போகும் பெண் ஒரு கதை. விடுமுறையில் வரும் சிப்பாய் அநுராதபுரத்தில் விலைமாதர் விடுதி ஒன்றில் தன் சொந்தத் தங்கையைக் காண்பது இன்னொரு கதை. மூன்றாவது அர்பாத் என்ற பதினொரு வயது முஸ்லிம் சிறுவனின் கதை. வடக்கிலுள்ள அவனுடைய கிராமத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறும்படி புலிகள் உத்தரவிடுகிறார்கள். அர்பாத்திடம் ஒரு நாய் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போக அவனால் முடியவில்லை. கதை அவ்வளவுதான்.

2005 வாக்கில் கொழும்பில் நண்பர் ஒருவரின் அறையில் குறுந்தட்டில் இதைப் பார்த்தேன். முதல் இரண்டு கதைகளையும் பற்றிச் சிங்கள விமர்சகர்கள் நிறைய எழுதினார்கள். எனக்கோ மூன்றாவது கதை தொடங்கியதும் மற்ற இரண்டும் மறந்துபோயின. அந்தப் பகுதியில் எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள். உத்தரவிடுபவனும் தமிழ், உத்தரவு கேட்டு வீட்டைப் பூட்டுபவனும் தமிழ். ஒரு சிங்கள இயக்குநரின் படத்தில், எங்கள் மொழியில், எங்களுடைய ஊர்ச் சங்கதி ஒன்றை அன்றுதான் முதன்முறையாகத் திரையில் பார்த்தேன்.

வரலாற்றைச் சரிபார்க்கும் என் பழக்கத்தில் ஒரு குறிப்பு. படத்தின் காலம் தொண்ணூறுகளின் நடுப்பகுதியாக அமைந்திருக்கிறது. உண்மையில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்ரோபரில். மூன்று கதைகளையும் ஒரே வெயிலில் நிறுத்துவதற்காக இயக்குநர் எடுத்துக்கொண்ட உரிமை அது. படைப்பாளிக்கு அது உண்டு. எனக்கு இல்லை. ஆகவே திகதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த வாரம் ஏறாவூர். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவற்படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்த கொலைகளும் இதே காலத்தவை. செப்ரெம்பர் 26இல் யாழ். கோட்டையை விட்டு இராணுவம் அகன்றது. குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் கையில். ஒக்ரோபர் 15ஆம் திகதி சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் மன்னார். அங்கு ஒரு குடும்பத்துக்கு ஐந்து பைகள், 2000 ரூபா, ஒரு பவுண் நகை என்று கணக்கு. பலர் படகுகளில் கற்பிட்டிக்குப் போனார்கள், மாரிக் கடல்.

ஒக்ரோபர் 30, செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணம் நகரம். வீட்டுக்கு ஒருவர் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டும் என்று காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வந்தவர்களிடம் இரண்டு மணி நேரத்தில் போய்விட வேண்டும் என்று சொல்லப்பட்டது. கையில் 150 ரூபாவும் மாற்றுடுப்பும் என்பதே பலருடைய சாட்சியங்களில் வரும் கணக்கு. சோதனைச் சாவடிகளில் பெண்களின் காதுகளிலிருந்தும் நகைகள் கழற்றப்பட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 15 ஆயிரம் பேர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75 ஆயிரம் பேர். இரண்டு வாரங்களில் ஒரு மாகாணம் தன் மக்களில் ஒரு பகுதியினர் இல்லாத மாகாணமாயிற்று.

இவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். நல்லூரில் குடியிருந்த சோனகரை, கிணறுகளில் பன்றி இறைச்சியைப் போட்டு எழுப்பிவிட்டதாக யாழ்ப்பாண வைபவமாலையிலேயே ஒரு கதை வருகிறது. ஒல்லாந்தர் காலத்து நூல் அது. அதாவது, எங்கள் ஊரின் பழைய வரலாற்று நூலிலேயே ஒரு வெளியேற்றம் எழுதப்பட்டிருக்கிறது, அதுவும் சாமர்த்தியக் கதையாக! இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். ‘நீதியே நீ கேள்’ நாவலை எழுதிய முற்போக்கு எழுத்தாளர் இளங்கீரன் சோனகதெருவைச் சேர்ந்தவர். 1981இல் யாழ். நூலகம் எரிக்கப்பட்டபோது அதைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது, யாழ். பல்கலைக்கழகத்தில் கற்பித்த எம்.ஏ. நுஃமானுடையது. அவர் கல்முனைக்காரர். எரிந்த நூலகத்துக்கு எழுதியவர்களைப் போல, இந்த இரண்டு மணி நேரத்துக்கு எழுதியவர்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர்?

என்னைக் கேட்டால், நான் எழுதவில்லை.

அப்போது நான் யாழ். பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவன். பல்கலைக்கழகம் ஒழுங்காக நடக்காத காலம். மாலையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்குநனாக வேலை செய்தேன். மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய் விலை சொல்லும் தரமன்று, அச்சுத்தாள் தட்டுப்பாட்டால் பக்கங்கள் குறைந்துகொண்டே வந்தன. அன்று மத்தியானம் ஐந்துசந்திப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் சொல்லித்தான் விடயம் தெரிந்தது. அலுவலகத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆசிரியபீடத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார். அன்றிரவு நான் திருத்திய பக்கத்தில் விமானக் குண்டுவீச்சுச் செய்தி இருந்தது, பங்கீட்டு அரிசி விபரம் இருந்தது, மரண அறிவித்தல்கள் இருந்தன.

அச்சம் இருந்தது, மறுக்கவில்லை. ராஜினி திராணகமவை 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி திருநெல்வேலியில் சுட்டுக்கொன்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவர் இருந்து வளர்த்த, மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு ஊரை விட்டு அகன்ற நிலையில்தான் 1991இல் இந்த வெளியேற்றத்தைப் பதிவுசெய்தது. ஆனால் எல்லாவற்றையும் அச்சத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ‘கிழக்கில் அவர்கள் செய்ததுக்கு’ என்று தொடங்கும் வாக்கியத்தை அந்த நாட்களில் தேநீர்க் கடையிலும் கோயில் வீதியிலும் நான் கேட்டிருக்கிறேன். தலையாட்டியும் இருக்கிறேன். சோனகதெருவில் இரும்புக்கடை வைத்திருந்தவரும் லொறி ஓட்டியவரும் தைத்துக் கொடுத்தவரும் கிழக்கில் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

சரியாக ஐந்து ஆண்டுகள். 1995 ஒக்ரோபர் 30, திங்கட்கிழமை. ஒக்ரோபர் 17இல் தொடங்கிய ‘ரிவிரெச’ படை நடவடிக்கை வலிகாமத்துக்குள் முன்னேறிக்கொண்டிருந்தது. அன்று மாலை மீண்டும் ஒலிபெருக்கி. வலிகாமம் முழுவதும் வெளியேற வேண்டும். இம்முறை நாங்கள்.

அந்த இரவைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, நானும் எழுதியிருக்கிறேன். நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் செம்மணி வெளியாலும் கோப்பாய்ப் பக்கத்தாலும் தென்மராட்சியை நோக்கி ஒரே இரவில் நகர்ந்தது. மழை. நவற்குழிப் பாலத்தை நெருங்குகையில் ஓர் அடி வைக்கப் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. சைக்கிளில் அரிசிமூட்டையும் கிழவியும் குழந்தையும். தாகத்துக்குக் குடையை விரித்துப் பிடித்து மழைநீர் குடித்தோம். ஒரு விடயத்தை மட்டும் நான் முன்பு எழுதியதில்லை. எங்கள் ஒழுங்கையிலிருந்து புறப்பட்டபோது நாய்கள் பின்னாலேயே வந்தன. சந்தி வரை வந்தன. கூட்டம் நெருங்கியதும் கால்களுக்குள் மிதிபட்டு ஊளையிட்டன. எனக்கு முன்னால் போன ஒரு பொடியன் தன் நாயைத் தூக்கிச் சைக்கிள் கூடைக்குள் வைத்தான். அந்தக் கூடையில் தாயின் மருந்துப் பை இருந்தது. தகப்பன் ஒன்றும் பேசாமல் நாயை எடுத்து வீதியோரத்தில் விட்டார். பொடியன் அழுத சத்தம் மழையிலும் கேட்டது.

பத்து ஆண்டுகள் கழித்து, கொழும்பு அறையில் அர்பாத்தைப் பார்த்தபோது அந்தப் பொடியனின் ஞாபகம்தான் முதலில் வந்தது. பிறகுதான், மிகவும் பிந்தி, 1990இன் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. இந்த ஒழுங்கு எனக்கு வெட்கமாக இருந்தது. என் துன்பத்தின் வழியாகத்தான் மற்றவனின் துன்பம் எனக்கு விளங்கியிருக்கிறது. அதற்கும் ஒரு சிங்கள இயக்குநர் தேவைப்பட்டிருக்கிறார்.

நாய் என்ற தெரிவைப் பற்றி ஒரு சொல். முஸ்லிம் வீடுகளில் நாய் வளர்ப்பது அரிது; நம் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபி மத்ஹபின்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அப்படியிருக்க ஏன் நாய் என்று என்னிடம் ஒரு முஸ்லிம் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றுவது இது: வெளியேற்றத்தின் சட்டங்கள் பொருட்களுக்கு விதிக்கப்பட்டவை. இத்தனை பை, இத்தனை ரூபா, இத்தனை பவுண். பெரியவர்கள் அந்தக் கணக்குக்குள் நின்று எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிப்பார்கள். சிறுவனுடைய உடைமை அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. அதற்கு அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. சோதனைச் சாவடியில் நிற்பவனுக்கு அது ஒரு பொருளே அன்று.

1952இல் வெளிவந்த ரெனே கிளெமோனின் ‘தடுக்கப்பட்ட விளையாட்டுகள்’ என்ற பிரெஞ்சுப் படமும் இப்படித்தான் தொடங்குகிறது. 1940 யூன், பாரிசிலிருந்து சனம் தெற்கு நோக்கி ஓடுகிறது. ஒரு பாலம். ஐந்து வயதுச் சிறுமியின் நாய்க்குட்டி கைநழுவி ஓட, அவள் அதன் பின்னால் ஓட, அவள் பின்னால் தாயும் தகப்பனும் ஓட, ஜேர்மன் விமானம் சுடுகிறது. பெற்றோர் இறந்துவிடுகிறார்கள். அவள் செத்த நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இடப்பெயர்வை பன்னிரண்டே ஆண்டுகளில் தங்கள் சினிமாவில் எழுதிவிட்டார்கள்.

நாங்கள் சினிமா தெரியாத ஊரல்லவே. கட்டடக்கலைஞர் வி.எஸ். துரைராஜா 1972இல் ‘குத்துவிளக்கு’ தயாரித்தார். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இல் படமாயிற்று. தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்திலேயே, யாழ்ப்பாணத்து மனிதர்களை வைத்து ‘பொன்மணி’ எடுத்தார். சாதியையும் சீதனத்தையும் அந்தப் படத்தில் அவர் காட்டிய விதம் நம்மவர் பலருக்குப் பிடிக்கவில்லை. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகளும் அழிந்தன. பின்னர் போர். போருக்குள் எடுக்கப்பட்டவை போரின் தேவைக்கானவை. 1995இன் இடப்பெயர்வை ஒளிப்படக் கருவிகள் பிடித்தன, 1990இனதை எந்தக் கருவியும் பிடிக்கவில்லை. பத்திராஜவையும் விதானகேயையும் போல வெளியிலிருந்து வந்து பார்த்தவர்களின் கண்களால்தான் எங்கள் முற்றத்தை நாங்கள் பார்க்க வேண்டியிருந்திருக்கிறது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் வெளியேற்றம் பற்றிய கேள்விக்கு அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்து, அதனை ஓர் அரசியல் தவறு என்றார். சில நாட்களில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டனர். ஏ9 வீதி திறந்திருந்தது. புத்தளம், தில்லையடி, நீர்கொழும்பு என்று சிதறிப்போனவர்களில் சிலர் வீடுகளைப் பார்க்க வந்தார்கள். 2009க்குப் பின் திரும்பியவர்கள் ஒரு பகுதியினரே. அந்த ஆண்டுகளில் மீள்குடியேற்றப் பட்டியல்களில் ‘பழைய அகதிகள்’, ‘புதிய அகதிகள்’ என்று பிரித்தார்கள். உதவி புதியவர்களுக்கு முதலில். இருபது ஆண்டுகள் காத்திருந்ததே தகுதிக்குறைவாகிவிட்டது.

2002இல் வந்தவர்களில் எனக்குத் தெரிந்த தையற்காரர் ஒருவரும் இருந்தார். மாணவனாக இருந்தபோது என் காற்சட்டைகளைத் தைத்தவர். தாடி நரைத்திருந்தது. சோனகதெருவில் அவருடைய வீட்டுக்குக் கூரை இல்லை. நடு அறையில் ஆமணக்கு வளர்ந்திருந்தது. மகள் அப்போது ஒன்பது வயதாம். பள்ளிக்கூடக் கொப்பிகளைப் பையில் போட்டிருக்கிறாள். உடுப்பு வைக்க இடம் வேண்டுமென்று தாய் அவற்றை எடுத்துச் சன்னல் படியில் வைத்திருக்கிறார். புத்தளத்தில் நெடுநாள் அந்தக் கொப்பிகளைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அவர் அந்தச் சன்னலடியில் கொஞ்ச நேரம் கிளறிப் பார்த்தார். ஓட்டுத் துண்டுகள்தான் இருந்தன.

நான் பத்திரிகையில் இருப்பது அவருக்குத் தெரியும். புறப்படும்போது கேட்டார்.

“தம்பி, அடுத்த நாள் பேப்பரிலை எங்களைப் பற்றி என்ன போட்டிருந்தது? அந்தப் பேப்பர் ஒண்டு எடுக்கலாமோ? பிள்ளைக்குக் காட்டத்தான்.”

“ஒண்டும் போடேல்லை, நானா.”

“ஒண்டுமோ?”

அன்றைய பக்கத்தைத் திருத்தியவன் நான்தான் என்பதை அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், கோபிக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, பஸ் போய்விடும் என்றார். ஐந்துசந்தி வரை என் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன்.